கர்னல் சார்லஸ் யங்: படையில் இடம் உண்டு, தலைமையில் இடமில்லை

ஓர் இராணுவத்தின் வரலாற்றை அதன் படைப்பிரிவுகளின் வரலாறாக எழுதுவது வழக்கம். எந்தப் பிரிவு எந்தப் போரில் நின்றது, எத்தனை பதக்கங்கள் பெற்றது, அதன் கொடியில் எந்தெந்தப் போர்க்களங்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன என்று அவ்வரலாறு நீளும். அந்தப் பிரிவில் சிப்பாய் யார், அவனுக்கு ஆணையிடுபவர் யார் என்ற கேள்வியை அது பெரும்பாலும் எழுப்புவதில்லை. ஒடுக்கப்பட்டோர் நோக்கிலிருந்து வரலாற்றை வாசிக்கும் நாம் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. அமெரிக்க இராணுவத்தைப் பொறுத்தவரை, அந்தக் கேள்வியைத் தன் வாழ்நாள் முழுவதும் சுமந்து திரிந்தவர் கர்னல் சார்லஸ் யங்.

அவர் பிறந்தது 1864 மார்ச் 12 அன்று, கென்டக்கி மாநிலத்தின் மேஸ் லிக் என்ற ஊரில். பிறக்கும்போதே அடிமை. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. தந்தை கேப்ரியல் யங் 1865 தொடக்கத்தில் அடிமைத்தளையிலிருந்து தப்பி, ஒஹையோ ஆற்றைக் கடந்து, வடவர் படையின் 5ஆவது கறுப்பினக் கனரகப் பீரங்கிப் பிரிவில் சேர்ந்தார். போர் முடிவதற்குள் சுமார் 1,80,000 கறுப்பினத்தவர் அவரைப் போல் சீருடை அணிந்திருந்தனர். அவர்களுக்கு முதலில் வெள்ளைச் சிப்பாய்களைவிடக் குறைந்த ஊதியமே தரப்பட்டது. நெடிய போராட்டத்திற்குப் பிறகே 1864இல் நாடாளுமன்றம் ஊதியத்தைச் சமமாக்கியது. கேப்ரியலைப் பொறுத்தவரை சீருடை என்பது விடுதலைப் பத்திரம். மகன் பின்னாளில் இராணுவத்தின்மீது வைத்த அசைக்க முடியாத நம்பிக்கைக்கு, இன்று நமக்குச் சற்று வியப்பாகவே தோன்றும் அந்த நம்பிக்கைக்கு, வேர் இங்கேதான் இருக்கிறது.

போருக்குப் பின் 1866இல் இயற்றப்பட்ட சட்டம் கறுப்பினத்தவருக்கு நிரந்தர இராணுவத்தில் முதன்முறையாக இடமளித்தது. இரண்டு குதிரைப்படை ரெஜிமென்டுகளும் நான்கு காலாட்படை ரெஜிமென்டுகளும் உருவாயின. 1869இல் அந்த நான்கு காலாட்படைப் பிரிவுகள் இரண்டாகச் சுருக்கப்பட்டன. எஞ்சியவை 9ஆவது, 10ஆவது குதிரைப்படைகளும் 24ஆவது, 25ஆவது காலாட்படைகளும். மாத ஊதியம் 13 டாலர். அடிமைகள் எழுதப் படிக்கக் கற்பதைத் தென்மாநிலச் சட்டங்கள் தடை செய்திருந்த காரணத்தால், ஒவ்வொரு ரெஜிமென்டுக்கும் ஒரு பாதிரியாரை நியமித்து அவர் சிப்பாய்களுக்கு எழுத்தறிவிக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறியது. ஆனால் அதிகாரிகள் வெள்ளையராகவே இருந்தனர். பஃபலோ வீரர்கள் என்று பிற்காலத்தில் போற்றப்பட்ட இந்தப் படைகள் மேற்குப் பாலைவெளிகளில் யாருக்கு எதிராகப் பயன்படுத்தப்பட்டன என்பதையும் நாம் மறைக்கத் தேவையில்லை. நேற்றுவரை அடிமையாக இருந்தவனின் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, நிலம் பறிக்கப்பட்ட பூர்வகுடிகளுக்கு எதிராக நிறுத்தியது அந்த அரசு.

கேப்ரியலின் குடும்பம் ஒஹையோ ஆற்றின் வடகரையிலுள்ள ரிப்ளி நகரில் குடியேறியது. தப்பி வரும் அடிமைகளை மறைத்துக் காத்த அடிமை ஒழிப்பாளர்களின் ஊர் அது. சார்லஸ் அங்கே வெள்ளைப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் படித்துத் தேறினார். இசையிலும் மொழிகளிலும் நாட்டம் கொண்டார். சில காலம் ஆசிரியராகவும் பணியாற்றினார். தந்தையின் தூண்டுதலால் 1883இல் வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரிக்கான தேர்வை எழுதி இரண்டாம் இடம் பெற்றார். தேர்வானவர் விலகிச் சென்ற பின்னரே, 1884இல், அவருக்கு அந்த இடம் கிடைத்தது.

வெஸ்ட் பாயின்ட் கறுப்பின மாணவர்களை எப்படி நடத்தியது என்பதற்கு அதற்குள் போதிய சான்றுகள் குவிந்திருந்தன. 1877இல் அங்கு பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரான ஹென்றி ஃபிளிப்பர் 1882இல் இராணுவ நீதிமன்றத்தால் பணிநீக்கம் செய்யப்பட்டார். 1880இல் ஜான்சன் விட்டேக்கர் என்ற மாணவர் தன் அறையில் கட்டிப்போடப்பட்டு, வெட்டுக் காயங்களோடு கண்டெடுக்கப்பட்டார். கல்லூரியோ அவரே தன்னைக் காயப்படுத்திக்கொண்டு நாடகமாடினார் என்று முடிவு செய்தது. இறுதியில் அவர்தான் வெளியேற்றப்பட்டார். உயர்கல்வி நிறுவனங்களில் பாதிக்கப்பட்டவனே குற்றவாளியாக்கப்படும் கதைகளைக் கேட்டுப் பழகிய நம் மாணவர்களுக்கு இதில் விளக்கம் தேவைப்படாது.

யங்குக்கு வாய்த்தது மௌனம். அலுவல் நிமித்தமன்றி யாரும் அவரோடு பேசுவதில்லை. மூன்றாண்டுகள் மூத்த மாணவர் ஜான் ஹாங்க்ஸ் அலெக்சாண்டர் துணையிருந்தார்; அவர் 1887இல் பட்டம் பெற்றுச் சென்றபின் அந்தத் துணையும் இல்லை. கணிதத்தில் தவறி முதலாண்டை மீண்டும் படித்தார். இறுதித் தேர்வில் பொறியியலில் தவறியபோது, பின்னாளில் பனாமா கால்வாயைக் கட்டி முடித்த ஜார்ஜ் கோதல்ஸ் அவருக்குத் தனியாகப் பாடம் சொல்லிக் கொடுத்தார். உடன் படித்தவர்கள் ஜூன் மாதமே பட்டம் பெற்றுப் போய்விட, யங் 1889 ஆகஸ்ட் இறுதியில் மறுதேர்வில் தேறி, வகுப்பின் கடைசி மாணவராக வெளியே வந்தார். தரவரிசைப் பட்டியலை மட்டும் காட்டித் தகுதி பேசுவோர் உண்டு. எவரும் பேசாத ஐந்தாண்டுகளில், பகிர்ந்து படிக்க ஒரு தோழன் இன்றி எழுதப்பட்ட தேர்வுகளின் மதிப்பெண்கள் அவை என்பது அந்தப் பட்டியலில் இராது. அவர் அங்கு பட்டம் பெற்ற மூன்றாவது கறுப்பினத்தவர். நான்காமவர் வர 47 ஆண்டுகள் பிடித்தன.

அவரை எங்கே அனுப்புவது என்பது இராணுவத்திற்கே ஒரு சிக்கலாக இருந்தது. வெள்ளைச் சிப்பாய்கள் உள்ள பிரிவில் அவரை அமர்த்த முடியாது. கறுப்பினப் பிரிவிலும் அவருக்குக் கீழே வெள்ளை அதிகாரி வந்துவிடக் கூடாது. இந்தக் கணக்குகளுக்குப் பிறகு அவர் 9ஆவது குதிரைப்படைக்கு அனுப்பப்பட்டு, நெப்ராஸ்காவின் ராபின்சன் கோட்டையிலும் யூட்டாவின் டுஷேன் கோட்டையிலும் பணியாற்றினார். 1894இல் அலெக்சாண்டர் இளவயதிலேயே இறந்தார். அதன்பின் பல ஆண்டுகள், களத்தில் படை நடத்தும் தகுதி பெற்ற வெஸ்ட் பாயின்ட் பட்டதாரிகளில் கறுப்பினத்தவராக அந்த இராணுவத்தில் எஞ்சியவர் யங் ஒருவரே.

அலெக்சாண்டர் வகித்த இடத்திற்கு, ஒஹையோவின் வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகத்தில் போர்க்கலைப் பேராசிரியராக யங் அனுப்பப்பட்டார். அங்கேதான் இளம் ஆசிரியராக வந்து சேர்ந்த டபிள்யூ. ஈ. பி. டூபாய்ஸோடு வாழ்நாள் நட்பு உருவானது. கவிஞர் பால் லாரன்ஸ் டன்பரும் அவருடைய நண்பர்.

1898இல் ஸ்பெயினோடு போர் மூண்டபோது, முழுவதும் கறுப்பினத்தவரைக் கொண்ட 9ஆவது ஒஹையோ தன்னார்வப் பட்டாளத்திற்கு யங் மேஜராகத் தலைமையேற்றார். அப்பட்டாளம் முகாமிலிருந்து முகாமுக்கு மாற்றப்பட்டதேயன்றிக் கியூபாவுக்கு அனுப்பப்படவில்லை. கியூபாவில் சான் ஹுவான் குன்றுகளில் 9ஆவது, 10ஆவது குதிரைப்படையினரும் 24ஆவது காலாட்படையினரும் முன்னணியில் நின்று போரிட்டனர். அந்தப் போரின் புகழால் அரசியலில் உயர்ந்த தியோடோர் ரூஸ்வெல்ட், கறுப்பினச் சிப்பாய்கள் வெள்ளை அதிகாரிகளின் வழிநடத்துதலின்றிச் செயல்பட இயலாதவர்கள் என்ற பொருள்பட அடுத்த ஆண்டே எழுதினார். அதே ரூஸ்வெல்ட் குடியரசுத் தலைவரான பின், 1906இல், டெக்சாஸின் பிரவுன்ஸ்வில் நகரில் நடந்த ஒரு துப்பாக்கிச் சூட்டைக் காரணம் காட்டி, 25ஆவது காலாட்படையின் 167 பேரை விசாரணையின்றி வெளியேற்றினார். அவர்கள் குற்றமற்றவர்கள் என்று இராணுவம் ஒப்புக்கொண்டது 1972இல்.

டுஷேன் கோட்டைக் காலத்தில் யங் செய்த ஒரு காரியம் அவருடைய போர்களைவிட நீண்ட பயன் தந்தது என்பது நம் கருத்து. அங்கே சிப்பாயாக இருந்த பெஞ்சமின் ஓ. டேவிஸ் என்ற இளைஞர் அதிகாரித் தேர்வு எழுத விரும்பினார். யங் அவரை ஊக்கப்படுத்திப் பாடம் சொல்லிக் கொடுத்தார். டேவிஸ் 1901இல் தேர்வில் வென்று அதிகாரியானார். ஏறிய ஏணியை மேலே இழுத்துக்கொள்ளாதவர்கள் எல்லாச் சமூகங்களிலும் குறைவு.

1901இல் யங் கேப்டனாகப் பிலிப்பைன்ஸ் சென்றார். ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெறப் போராடிய மக்களை இப்போது அமெரிக்கா அடக்கிக்கொண்டிருந்தது. கறுப்பினச் சிப்பாய்களிடையே இது பெரும் மனச்சங்கடத்தை உண்டாக்கிய போர். 24ஆவது காலாட்படையைச் சேர்ந்த டேவிட் ஃபேகன் 1899இல் படையை விட்டு விலகிப் பிலிப்பினோக்களோடு சேர்ந்து அமெரிக்கருக்கு எதிராகவே போரிட்டார். யங் அந்த வழியில் செல்லவில்லை. தன் இனத்தார் கடமையில் குறையற்றவர்கள் என்று காட்டிவிட்டால் குடியுரிமை மறுக்கப்பட முடியாததாகிவிடும் என்பது அவர் கொண்ட முடிவு. ஃபேகனையும் யங்கையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது நம் மனம் ஃபேகன் பக்கம் சாயலாம். ஆனால் 9ஆவது குதிரைப்படையில் யங்கின் கீழ் நின்ற சிப்பாய்க்கு, தன் நிறத்தில் ஒரு கேப்டனைப் பார்ப்பதே எத்தகைய நிகழ்வாக இருந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1903ஆம் ஆண்டுக் கோடை அவர் வாழ்வில் தனித்து நிற்கிறது. தேசியப் பூங்காக்களை அப்போது இராணுவமே பராமரித்து வந்தது. கலிஃபோர்னியாவின் செக்கோயா, ஜெனரல் கிராண்ட் பூங்காக்களுக்குத் தற்காலிகக் கண்காணிப்பாளராக யங் தன் 9ஆவது குதிரைப்படை வீரர்களோடு அனுப்பப்பட்டார். அமெரிக்கத் தேசியப் பூங்கா ஒன்றின் பொறுப்பை ஏற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. முந்தைய மூன்று ஆண்டுகளில் போடப்பட்ட சாலையைவிட அதிக நீளச் சாலையை ஒரே கோடையில் போட்டு முடித்தார். உலகின் மிகப் பெரிய மரங்கள் நிற்கும் ஜயன்ட் ஃபாரஸ்ட் வனத்திற்கு முதன்முறையாக வண்டிகள் சென்றன. வெஸ்ட் பாயின்ட்டில் பொறியியலில் தவறியவர் போட்ட பாதை அது. மகிழ்ந்த ஊரார் ஒரு மரத்திற்கு அவர் பெயரைச் சூட்ட முன்வந்தபோது, அவர் புக்கர் டி. வாஷிங்டனின் பெயரைப் பரிந்துரைத்தார். தன் பெயரை வைக்க வேண்டுமானால் 20 ஆண்டுகள் கழித்தும் அதே எண்ணம் இருந்தால் வைத்துக்கொள்ளலாம் என்று மறுத்துவிட்டார். 2004இல்தான் அங்கே ஒரு மரத்திற்கு அவர் பெயர் வந்தது.

1904இல் ஏடா மில்ஸை மணந்து, அதே ஆண்டு ஹெய்ட்டியில் தூதரக இராணுவ அதிகாரியானார். 1912இல் அதே பதவியில் லைபீரியா. கறுப்பினக் குடியரசுகளுக்குக் கறுப்பின அதிகாரியை அனுப்புவது அரசுக்கு வசதியாக இருந்தது; உள்நாட்டில் அவருக்கு இடம் தேட வேண்டிய தொல்லையும் குறைந்தது. லைபீரிய எல்லைப்படையைச் சீரமைக்கும் பணியில் குண்டடி பட்டார், கொடிய காய்ச்சலில் விழுந்து எழுந்தார். அவருடைய உடல்நலம் அங்கேதான் கெடத் தொடங்கியது.

1912இல் அவர் எழுதிய நூல் ஒன்று வெளிவந்தது. வெவ்வேறு நாடுகள், இனங்களின் போர் மனவுறுதியை ஆராயும் நூல். வீரம் எந்த இனத்திற்கும் பிறப்புரிமையன்று; சுதந்திரமும் நியாயமான தலைமையும் பயிற்சியும் வாய்த்தால் எந்த மக்களும் சிறந்த வீரர்களாவர் என்பது அதன் சாரம். இதே கேள்வி அக்காலத்தில் இந்தியாவிலும் உயிரோடு இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலம் முதல் பம்பாய்ப் படையில் போரிட்டு வந்த மகர் மக்களை, போர்க்குடிகள் என்ற புதிய கோட்பாட்டின் பெயரால் 1890களின் தொடக்கத்தில் ஆட்சேர்ப்பிலிருந்து ஆங்கில அரசு விலக்கியது. அந்தப் படையில் சுபேதாராக இருந்த ராம்ஜியின் மகன் பீமாராவ் 1913இல் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, யங் லைபீரியாவில் இருந்தார். இருவரும் சந்திக்கவில்லை. ஆனால் யங்கின் நண்பரான டூபாய்ஸுக்கு 1946இல் அம்பேத்கர் எழுதிய கடிதம், இரு மக்களின் நிலைமைக்கும் உள்ள ஒப்புமையைப் பற்றியதே.

1916இல் மெக்சிகோவின் பாஞ்சோ வில்லா எல்லை கடந்து நியூ மெக்சிகோவின் கொலம்பஸ் நகரைத் தாக்க, ஜெனரல் பெர்ஷிங் தலைமையில் படை கிளம்பியது. யங் 10ஆவது குதிரைப்படையின் மேஜர். ஏப்ரல் 1 அன்று அகுவா காலியன்டேயில் அவர் நடத்திய குதிரைப் பாய்ச்சலில் ஓர் ஆளைக்கூட இழக்காமல் எதிரிகளைச் சிதறடித்தார். ஏப்ரல் 12 அன்று பராலில் வெள்ளையரைக் கொண்ட 13ஆவது குதிரைப்படையின் ஒரு பிரிவு சூழப்பட்டுத் தவித்தபோது, விரைந்து சென்று மீட்டவர்கள் யங்கும் அவருடைய வீரர்களும்தான். அதே ஆண்டில் அவருக்கு ஸ்பிங்கார்ன் பதக்கமும் லெப்டினன்ட் கர்னல் பதவியும் கிடைத்தன. அரிசோனாவின் வாச்சூகா கோட்டையில், அதிகாரிப் பயிற்சிக்குக் கறுப்பினச் சிப்பாய்களை ஆயத்தப்படுத்தும் பள்ளி ஒன்றையும் தொடங்கினார்.

1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. படை பல மடங்கு பெருக வேண்டும். அதிகாரிகள் வேகமாக உயர வேண்டும். யங் கர்னலாவார், அடுத்துப் பிரிகேடியர் ஜெனரல் ஆவார் என்பது கணக்கு. தென்மாநிலத்தைச் சேர்ந்த வெள்ளை லெப்டினன்ட் ஒருவர், கறுப்பினத்தவரின் ஆணையின் கீழ் பணிபுரிய இயலாது என்று தன் மாநில செனட்டரிடம் முறையிட்டார். செனட்டர் அதைக் குடியரசுத் தலைவர் வில்சனிடம் கொண்டு சென்றார். வாஷிங்டனின் அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களை 1913 முதல் தனியே பிரித்து உட்கார வைத்த ஆட்சி அது. வில்சன் போர் அமைச்சர் நியூட்டன் பேக்கருக்கு எழுதினார்.

அதே காலத்தில் பதவி உயர்வுக்கான மருத்துவப் பரிசோதனை நடந்தது. இரத்த அழுத்தம் அதிகம், சிறுநீரகம் பழுது என்று மருத்துவர்கள் கண்டனர். நோய் பொய்யன்று, பின்னர் அவர் உயிரைக் குடித்ததும் அதுவே. ஆனால் தொழில்திறனில் அவரைத் தேர்ச்சி பெற்றவராகக் கண்ட குழு, உடற்குறையைப் பொருட்படுத்தாமல் பதவி உயர்வு தரலாம் என்றே பரிந்துரைத்தது. மேலிடம் அதை ஏற்கவில்லை. 1917 கோடையில் அவரைக் கர்னலாக உயர்த்தி, அதே வீச்சில் ஓய்வுப் பட்டியலில் சேர்த்தது. நிரந்தர இராணுவத்தில் கர்னல் நிலையை எட்டிய முதல் கறுப்பினத்தவர், கர்னலாக ஒரு படையையும் போருக்கு நடத்திச் செல்லவில்லை. இனத்தின் பெயரால் விலக்கினார்கள் என்று நேராக எழுதப்பட்ட ஆணை எங்கும் கிடையாது. மருத்துவச் சான்று ஒன்றே கோப்பில் இருந்தது. கோப்புகளைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த முறை புதிதன்று.

1918 ஜூன் 6 அன்று, 54 வயதான யங் வில்பர்ஃபோர்ஸிலிருந்து குதிரையேறி வாஷிங்டனுக்குப் புறப்பட்டார். தூரம் 497 மைல். ஒவ்வொரு மணி நேரத்திலும் கால் மணி நேரம் இறங்கி நடந்தார். 16 நாட்களில் தலைநகரை அடைந்து அமைச்சர் பேக்கரைச் சந்தித்தார். படுக்கையில் கிடக்க வேண்டியவர் என்று சொல்லப்பட்ட உடல் மலைகளைக் கடந்து வந்திருந்தது. கறுப்பினப் பத்திரிகைகள் அந்தப் பயணத்தைக் கொண்டாடின. இராணுவம் அவரை மீண்டும் பணிக்கு அழைத்தது 1918 நவம்பர் 6 அன்று. அதுவும் இல்லினாய்ஸின் கிராண்ட் முகாமில் பயிற்சிப் பணிக்கு. ஐந்தாம் நாள் போர் முடிந்தது.

அவர் இல்லாமல் அந்தப் போர் எப்படி நடந்தது? சுமார் 3,80,000 கறுப்பினத்தவர் படையில் இருந்தனர். கடல் கடந்து சென்ற ஏறத்தாழ 2,00,000 பேரில் பெரும்பாலோர் துறைமுகங்களில் மூட்டை சுமந்தனர், சாலை போட்டனர், பிணங்களைப் புதைத்தனர். போரிட அனுமதிக்கப்பட்டவை 92ஆவது, 93ஆவது டிவிஷன்கள் மட்டுமே. டெ மொயின் கோட்டை முகாமில் பயின்று 1917 அக்டோபரில் 639 கறுப்பின அதிகாரிகள் தேறினர். அவர்களுக்கு வழங்கப்பட்ட உச்சப் பதவி கேப்டன். அம்முகாமை நடத்திய வெள்ளை அதிகாரியே பின்னர் 92ஆவது டிவிஷனுக்கும் தலைவரானார். 93ஆவதின் ரெஜிமென்டுகளை அமெரிக்கத் தலைமை பிரெஞ்சுப் படையிடம் ஒப்படைத்துவிட்டது. அவற்றுள் ஹார்லெமின் 369ஆவது ரெஜிமென்ட் 191 நாட்கள் போர்முனையில் நின்று பிரான்சின் உயரிய விருதைப் பெற்றது. திரும்பி வந்தவர்களில் சிலர் 1919இல் தென்மாநிலங்களில் சீருடையோடே கும்பல்களால் கொல்லப்பட்டனர்.

யங்கை இராணுவம் மீண்டும் லைபீரியாவுக்கு அனுப்பியது. மறுக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. 1922 ஜனவரி 8 அன்று, நைஜீரியாவின் லாகோஸ் நகரில், சிறுநீரக நோயால் இறந்தார். ஆங்கிலேயர் அவரை இராணுவ மரியாதையோடு அங்கேயே அடக்கம் செய்தனர். பிரான்சுக்குச் செல்ல அனுமதிக்காத அளவு இரத்த அழுத்தம் இருந்தவரை ஆப்பிரிக்காவின் வெப்பத்திற்கு மட்டும் எப்படி அனுப்ப முடிந்தது என்று டூபாய்ஸ் தன் கிரைசிஸ் இதழில் கேட்டார். அதற்கு யாரும் விடையளிக்கவில்லை. ஏடாவும் நண்பர்களும் வலியுறுத்தியதால் உடல் தாயகம் கொண்டுவரப்பட்டு, 1923 ஜூன் 1 அன்று ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் புதைக்கப்பட்டது.

டுஷேன் கோட்டையில் யங்கிடம் பாடம் கேட்ட பெஞ்சமின் ஓ. டேவிஸ் 1940இல் அமெரிக்க இராணுவத்தின் முதல் கறுப்பின ஜெனரலானார். அவருடைய மகன்தான் 1936இல், அதே மௌனத் தண்டனையை நான்காண்டுகள் அனுபவித்து, வெஸ்ட் பாயின்ட்டில் பட்டம் பெற்ற நான்காவது கறுப்பினத்தவர். 9ஆவது, 10ஆவது குதிரைப்படைகள் 1944இல் கலைக்கப்பட்டு, அவற்றின் வீரர்கள் சேவைப் பிரிவுகளில் சுமை தூக்க அனுப்பப்பட்டனர். படைகளில் இனப் பிரிவினையை ஒழிக்கும் ஆணையில் ட்ரூமன் கையெழுத்திட்டது 1948 ஜூலை 26 அன்று. வில்பர்ஃபோர்ஸில் யங் வாழ்ந்த வீட்டை 2013இல் ஒபாமா தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார். பிரிகேடியர் ஜெனரல் பதவி யங்குக்கு 2022இல் வழங்கப்பட்டது. அதற்கான விழா அந்த ஏப்ரலில் வெஸ்ட் பாயின்ட்டில் நடைபெற்றது.